இல்லாதவருக்கும் ஒரு பங்கு

தியானப் பகுதி: எஸ்தர் 9:20–22, உபாகமம் 16:9–14, நெகேமியா 8:9–12

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சபையாரே,

மேலே குறித்த மூன்று பகுதிகளையும் வேதாகமத்தில் வாசித்த பின்பு இதைத் தொடரும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நாம் ஆராதிக்கும் மண்டபத்திற்கு அடுத்த மண்டபத்தில் பிலிப்பைன்ஸ் சபையார் ஆராதிக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் அவர்களுடைய கித்தார் ஓசையும் நம் கீர்த்தனையும் ஒரே சுவரின் இரு பக்கத்திலும் எழும்புகின்றன. ஜூன் 12-ஆம் நாளை ஒட்டி, தங்கள் நாட்டின் விடுதலையையும் முன்னோரின் பண்பாட்டையும் நினைவுகூர்ந்து அவர்கள் ஒரு விருந்து நடத்துகிறார்கள். விருந்துச் சீட்டுகளால் வரும் பணம், ஊதியம் மறுக்கப்பட்டு, வேலையும் இழந்து, ஊர் திரும்ப வழியின்றி இந்த நகரத்தில் தவிக்கும் பணிப்பெண்களின் விமானக் கட்டணத்திற்குச் செல்கிறது. இவ்வாண்டு நம் சபைக்கும் அழைப்பு வந்திருக்கிறது.

அந்த அழைப்பைக் கமிட்டியில் வாசித்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. "வேறொரு நாட்டின் சுதந்திர தினத்தில் நமக்கு என்ன பங்கு, ஐயரே?" என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். "விருந்துக்குச் செலவாகும் பணத்தை அப்படியே அந்தப் பெண்களிடம் கொடுத்துவிடலாமே, பசித்தவர்களுக்காக நாம் ஏன் விருந்துண்ண வேண்டும்?" என்று இன்னொருவர் கேட்டார். இரண்டும் நேர்மையான கேள்விகள். அன்று நான் பதில் சொல்லவில்லை. வீட்டிற்கு வந்து அந்த மக்களின் சரித்திரத்தை எடுத்து வாசித்தேன். அவர்களுடைய விடுதலையின் கதை பந்தியிலிருந்து பந்திக்கு நடந்து செல்வதைக் கண்டு வியந்தேன். அந்தப் பந்திகளுக்கு உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பசியோடு வந்தவர் எழுப்பிய வாழ்த்து

பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பெயின் 1565 முதல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. வாளும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய நாடு அது. சுவிசேஷம் அந்த மக்களின் உள்ளத்தில் மெய்யாகவே வேர்கொண்டது. அதை நாம் மறுக்கக் கூடாது. ஆனாலும் நிலத்திலும் பள்ளியிலும் ஆலயத்திலும் ஸ்பானியத் துறவிகளின் அதிகாரமே ஓங்கியிருந்தது. அந்த மண்ணில் பிறந்த குருமார் எவ்வளவு கற்றிருந்தாலும் திருச்சபைப் பொறுப்புகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

இந்த அநீதியைச் சுட்டிக்காட்டிய குருமாருள் மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்னும் மூவர் இருந்தார்கள். காவீத்தேயில் நடந்த ஒரு படைக் கலகத்தைத் தூண்டினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1872 பிப்ரவரி 17 அன்று மணிலாவின் பகும்பாயான் வெளியில் அவர்கள் கழுத்து இறுக்கிக் கொல்லப்பட்டார்கள். மூத்தவரான கோமெஸுக்கு அப்போது 72 வயது. அவர்களுடைய குருப்பட்டத்தைப் பறிக்கும்படி அரசு கேட்டபோது மணிலாவின் பேராயர் மறுத்துவிட்டார் என்பது அந்த இருண்ட நாளின் ஒரே வெளிச்சம்.

அந்த ஆண்டில் ஹோசே ரிசால் பத்து வயதுச் சிறுவன். அவருடைய தமையன் பசியானோ, கொல்லப்பட்ட புர்கோஸுக்கு நெருக்கமானவர். ஆகையால் அந்தத் துயரம் வீட்டுத் திண்ணை வரை வந்தது. வளர்ந்து ஸ்பெயின் சென்ற ரிசால் மாட்ரிட் நகரில் மருத்துவமும் தத்துவமும் பயின்றார்.

அங்கேதான் நம் முதல் பந்தி. 1884-இல் மாட்ரிட்டில் நடந்த தேசிய ஓவியக் கண்காட்சியில் ஹுவான் லூனா என்னும் பிலிப்பைன்ஸ் ஓவியர் தங்கப் பதக்கமும், ஃபெலிக்ஸ் ஹிடால்கோ என்னும் அவருடைய நாட்டவர் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்கள். லூனாவின் ஓவியத்தின் பெயர் 'ஸ்போலியாரியம்'. ரோமாபுரியின் விளையாட்டரங்கில் மடிந்த வீரர்களின் சடலங்களை அரங்கின் கீழறைக்கு இழுத்துச் செல்லும் காட்சி அது. அந்தப் பெரிய திரையில் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் தங்கள் தாய்நாட்டையே கண்டார்கள். வென்ற இருவரையும் பாராட்ட ஜூன் 25 அன்று இரவு ஒரு விருந்து நடந்தது. அதில் எழுந்து வாழ்த்துரை கூறியவர் 23 வயது ரிசால். மேதைமைக்கு நிறமும் எல்லையும் இல்லை என்பதே அவர் பேச்சின் சாரம். ஆளுகிற இனமும் ஆளப்படுகிற இனமும் ஒரே பந்தியில் சமமாக உட்காரலாம் என்று அந்த இரவில் அவர் சொல்லத் துணிந்தார்.

அந்த நாளின் இன்னொரு பக்கத்தை ரிசாலின் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது. கையில் காசில்லாமல் அன்று பகல் முழுவதும் அவர் பட்டினி. வெறும் வயிற்றோடு கிரேக்க மொழிப் போட்டிக்குச் சென்று பரிசு பெற்றார். அதே பசியோடுதான் விருந்து மண்டபத்துக்கும் வந்தார். அவரை வாழ்த்திக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதை அறிந்திருப்பார்கள்? அன்பானவர்களே, நம் அருகில் நேர்த்தியாக உடுத்தி உட்கார்ந்திருக்கிறவரின் பசி நமக்குத் தெரிவதில்லை. இந்த நகரத்தில் அது எவ்வளவு உண்மை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கோழிச்சாறும் குருவானவரும்

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1887-இல், ரிசால் தம் முதல் நாவலைப் பெர்லினில் அச்சிட்டார். 'நோலி மே தாங்கெரே' என்பது அதன் பெயர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலேனா மரியாளிடம் சொன்ன சொல்லின் லத்தீன் வடிவம் அது (யோவான் 20:17). அந்த நாவல் ஒரு விருந்தோடு தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

கபித்தான் தியாகோ என்னும் செல்வந்தரின் வீட்டில் தினோலா பரிமாறப்படுகிறது. தினோலா என்பது இஞ்சியும் காயும் இட்டுக் காய்ச்சும் கோழிச்சாறு. இக்காலத்தில் அதில் முருங்கைக் கீரையும் சேர்ப்பார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மலுங்கை' என்று பெயர். தாமாசோ என்னும் துறவியின் தட்டில் கோழிக் கழுத்தும் கடினமான இறக்கையும் விழுகின்றன. ஐரோப்பாவிலிருந்து திரும்பியிருந்த இபாரா என்னும் இளைஞனுக்கோ நல்ல துண்டுகள் கிடைக்கின்றன. துறவியின் முகம் மாறுகிறது. ஒரு துண்டு இறைச்சியில், முந்நூறு ஆண்டு அதிகாரத்தின் இருதயத்தை ரிசால் திறந்து காட்டிவிடுகிறார்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஊரில் அசனப் பண்டிகைகளில் சபையார் எல்லாரும் தரையில் வரிசையாக அமர்ந்து இலையில் உண்ண, போதகனாகிய எனக்குத் தனி மேசையும் பீங்கான் தட்டும் வைத்தார்கள். கறியில் நல்ல துண்டுகள் என்னைத் தேடி வந்தன. ஒருநாளும் நான் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. தாமாசோவை நான் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை.

ரிசால் 1896 டிசம்பர் 30 அன்று, மூன்று குருமார் மாண்ட அதே பகும்பாயான் வெளியில் சுடப்பட்டு இறந்தார். தம் இரண்டாம் நாவலை அவர் அந்த மூவருக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

ஒரு விதவையின் அடுக்களை

அடுத்த பந்திக்கு அழைப்பிதழ் இல்லை. மேசை விரிப்பும் இல்லை. 1892-இல் ஆந்த்ரேஸ் பொனிபாசியோ என்பவர் 'கத்திபுனான்' என்னும் இரகசிய விடுதலைச் சங்கத்தைத் தொடங்கினார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் விற்றுத் தம்பி தங்கையரைக் காப்பாற்றியவர் அவர். 1896 ஆகஸ்டில் சங்கத்தின் இரகசியம் வெளிப்பட்டது. ஸ்பானியர் தேடத் தொடங்கியதும் அவரும் தோழர்களும் மணிலாவுக்கு வடக்கே இருந்த சிற்றூர்களில் அடைக்கலம் தேடினார்கள்.

அங்கே மெல்ச்சோரா அக்கினோ என்னும் விதவை இருந்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு சிறு கடை வைத்திருந்தவர். அப்போது அவருக்கு 84 வயது. மக்கள் அவரை 'தாண்டாங் சோரா' என்று அழைத்தார்கள். 'சோராப் பாட்டி' என்று நாம் சொல்லலாம். ஓடி வந்தவர்களுக்கு அவர் சோறு போட்டார். காயங்களுக்கு மருந்து கட்டினார். படுக்க இடம் கொடுத்தார். அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். ஸ்பானியர் அவரைப் பிடித்து, பொனிபாசியோ எங்கே என்று கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. அந்த வயதில் அவரைக் குவாம் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1903-இல்தான் அவர் தாய்மண் திரும்பினார். 107 வயது வாழ்ந்து 1919-இல் காலமானார்.

பிற்காலத்தில் அந்த நாட்டு அரசு, 5 சென்டிமோ என்னும் சிறு நாணயத்தில் அவருடைய முகத்தைப் பொறித்தது. விதவையின் காசை நம் ஆண்டவர் எண்ணிப் பார்த்ததை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் எடுத்து வைத்த நம் பாட்டிமாரையும் நினைத்துக்கொண்டேன். விடுதலைகளின் வரலாற்றில் தலைவர்களின் பெயர்கள் முன் பக்கத்தில் நிற்கும். அவர்களுக்குச் சோறு வடித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தாண்டாங் சோராவின் பெயர் எழுதப்பட்டது என்பதற்காக அந்த மக்களை நான் மதிக்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் ஒரு விருந்து

1898 ஜூன் 12 பிற்பகலில், காவீத்தே மாகாணத்தின் கவித் என்னும் ஊரில், எமிலியோ அகினால்டோவின் வீட்டில் பிலிப்பைன்ஸின் விடுதலை அறிவிக்கப்பட்டது. மார்செலா அகோன்சில்யோ என்னும் பெண்மணி ஹாங்காங்கில் தம் மகளோடும் ரிசாலின் உறவினரான ஒரு பெண்ணோடும் சேர்ந்து தைத்த கொடி அங்கே விரிந்தது. ஹூலியான் ஃபெலிப்பே அமைத்த அணிநடை இசை ஒலித்தது. அதற்கு அப்போது பாடல் வரிகள் கூட இல்லை.

செப்டம்பர் 15 அன்று, மலோலோஸ் நகரின் பாராசோவாயின் ஆலயத்தில் மக்கள் பிரதிநிதிகளின் பேரவை கூடியது. செப்டம்பர் 29 அன்று அது விடுதலை அறிவிப்பை உறுதி செய்தது. அதைக் கொண்டாட ஒரு பெருவிருந்தும் நடந்தது. நம் பிலிப்பைன்ஸ் சகோதரர்கள் நடத்தும் விருந்துக்கு இதுவே மூதாதை எனலாம்.

அந்த விருந்தின் பதார்த்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அது பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. சிப்பி, இறால், நண்டு, ஆட்டிறைச்சி, வான்கோழி, பாலாடைக்கட்டி, ஐஸ்கிரீம், போர்தோ மது, ஷாம்பெய்ன் என்று அது நீளுகிறது. சிலவற்றின் பெயரோடு மட்டும் 'பிலிப்பைன்ஸ் முறையில்', 'தகாலோக் முறையில்', 'மணிலா முறையில்' என்று சேர்த்திருக்கிறார்கள்.

இதைக் கண்டு நாம் எளிதில் நகைக்கக் கூடாது. நேற்று வரை காட்டுமிராண்டிகள் என்று இகழப்பட்டவர்கள், உலகத்தின் எந்த அரசவையிலும் உட்காரத் தாங்கள் தகுதியானவர்கள் என்று மெய்ப்பிக்க முயன்றார்கள். இகழப்பட்டவர்களின் வழிவந்த நாமும் அப்படி முயன்றவர்களே. நம் பிள்ளைகளின் திருமண வரவேற்பில் எத்தனை பதார்த்தங்கள் வயிற்றுக்காக வைக்கப்படுகின்றன, எத்தனை பிறர் கண்ணுக்காக வைக்கப்படுகின்றன என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பந்தியில் யார் இல்லை என்றும் பாருங்கள். சங்கத்தைத் தொடங்கிய பொனிபாசியோ இல்லை. தலைமைப் போட்டியில், அகினால்டோவின் புரட்சி அரசே அவர் மேல் இராணுவ விசாரணை நடத்தி மரண தண்டனை விதித்தது. 1897 மே 10 அன்று, மரகொந்தோன் மலைப்பகுதியில், தம்பி புரோகோப்பியோவோடு அவர் கொல்லப்பட்டார். அவர்களுக்குச் சோறு போட்ட தாண்டாங் சோராவும் இல்லை. ஷாம்பெய்ன் ஊற்றப்பட்ட அந்த நேரத்தில் அவர் குவாமில் நாடு கடத்தப்பட்டவராக இருந்தார். விடுதலைக்காக ஏங்கியவர்கள் வெளியே இருக்க, விடுதலையின் பந்தி உள்ளே நடந்தது. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டார் அல்லவா? ஜெயத்திற்குப் பின் வரும் முதல் சோதனை இதுதான்.

உலகம் அந்த விருந்தைப் பொருட்படுத்தவில்லை. 1898 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் ஸ்பெயினும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி பிலிப்பைன்ஸ் தீவுகள் 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்புவிக்கப்பட்டன. கொடி தைத்த மார்செலாவின் கணவர் பெலிப்பே அகோன்சில்யோ தம் நாட்டின் தூதராகப் பாரிஸ் வரை சென்றிருந்தார். அந்த மேசையில் அவருக்கு இடம் தரப்படவில்லை. தன் வீட்டை விலை பேசும் கூடத்துக்கு வெளியே அவர் நிற்க வேண்டியதாயிற்று.

இன்னும் வராத விடுதலையின் பந்தி

1899 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவோடு போர் மூண்டது. 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அமெரிக்கா அறிவித்தது. சண்டையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்ட பொதுமக்கள் 2 இலட்சம் வரை இருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மார்செலா தைத்த கொடியை ஏற்றுவது 1907 முதல் 1919 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா சுதந்திரம் அளித்தது. அது அமெரிக்காவின் சுதந்திர நாளும் கூட.

1962-இல் குடியரசுத் தலைவர் தியோஸ்தாதோ மகபகல், சுதந்திர தினத்தை ஜூலை 4-இலிருந்து ஜூன் 12-க்கு மாற்றினார். 1964-இல் அது சட்டமாயிற்று. 1898-இல் கொடியேற்றிய அகினால்டோ 93 வயதில் அந்த மாற்றத்தைக் காண உயிரோடு இருந்தார்.

இந்த மாற்றத்தைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். ஜூலை 4 சுதந்திரம் கைக்கு வந்த நாள். ஜூன் 12 அதை விசுவாசித்து அறிவித்த நாள். அறிவித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள். அந்த மக்கள் விசுவாசித்த நாளையே தங்கள் நாளாகத் தெரிந்துகொண்டார்கள். வேதத்தை அறிந்த நமக்கு இது புதியதல்ல. பஸ்கா ஆட்டுக்குட்டியை இஸ்ரவேலர் எங்கே புசித்தார்கள்? செங்கடலுக்கு அப்பால் அல்ல, எகிப்திலேயே. பார்வோன் இன்னும் சிங்காசனத்தில் இருக்கும்போதே. நம் ஆண்டவர் அப்பத்தைப் பிட்டது உயிர்த்தெழுந்த காலையில் அல்ல, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். தேவனுடைய ஜனம் விடுதலையின் பந்தியில் முதலில் உட்காருகிறது. பிறகு விடுதலையை நோக்கி நடக்கிறது.

மூங்கில் வண்டி

இன்னும் ஒரே ஒரு பந்தி. பெருந்தொற்றின் ஊரடங்கு நீடித்து மக்கள் வேலையிழந்திருந்த 2021 ஏப்ரல் 14 அன்று, கேசோன் நகரின் மகின்ஹாவா தெருவில் ஓர் இளம்பெண் சிறு மூங்கில் வண்டியைத் தெரு ஓரத்தில் நிறுத்தினார். அதில் அரிசி, காய்கறி, டப்பா உணவு, முகக்கவசம் முதலியவற்றை வைத்தார். இயன்றதைக் கொடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்னும் பொருளில் ஓர் அட்டையும் தொங்கியது. எடுப்பவரின் பெயரை யாரும் எழுதவில்லை. புகைப்படத்துக்கு நிற்கவும் சொல்லவில்லை. சில நாட்களுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான தெருக்களில் அப்படிப்பட்ட வண்டிகள் நின்றன. உழவர்கள் கிழங்குகளைக் கொண்டு வந்தார்கள். மீனவர்கள் மீன் கொண்டு வந்தார்கள். அரசியல் உள்நோக்கம் உண்டென்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி, ஒரு வெயில் நாளில் தெருவில் நின்றதை அந்த நாடு கண்டது.

மலோலோஸ் விருந்தையும் மூங்கில் வண்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் பசியே போதுமான தகுதியாக இருந்தது.

நம் பந்தி

இப்போது அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

வேறொரு நாட்டின் விடுதலையில் நமக்கு என்ன பங்கு? 1762-இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயப் படை கப்பலேறியது நம் சென்னைக் கடற்கரையில்தான். அதில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர் மணிலாவை விட்டுச் சென்றபோது அவர்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகே கயிந்தா என்னும் ஊரில் தங்கி, அந்த மண்ணின் பெண்களை மணந்து அந்த மக்களோடு கலந்துவிட்டார்கள். பிடிக்கப் போனவர்களுக்கே அந்த மக்கள் பந்தியில் இடம் கொடுத்தார்கள். நமக்கும் இடம் கொடுக்கிறார்கள். பகல் வேளையில் அவர்கள் உண்ணும்போது யார் கடந்து சென்றாலும் "காயின் தாயோ" என்பார்கள்; 'வாங்க, சாப்பிடலாம்' என்று பொருள். இந்த வளாகத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் என்னை அப்படி அழைத்தார்கள். நான் கடிகாரத்தைக் காட்டிப் புன்னகைத்துவிட்டுச் சென்றிருக்கிறேன். இப்போது அதற்காக வருந்துகிறேன்.

விருந்துக்கு ஆகும் பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே? பெத்தானியாவில் யூதாசும் இப்படிக் கேட்டான் என்று சொல்லி நம் சகோதரரின் வாயை அடைக்க மாட்டேன். அவர் உள்ளம் வேறு. நேராகக் கொடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எஸ்தரின் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு ஜனம் அழிவினின்று தப்பிய நாளை ஆண்டுதோறும் எப்படி ஆசரிக்க வேண்டும் என்று மொர்தெகாய் எழுதினான். விருந்து, ஒருவருக்கொருவர் பங்கு அனுப்புதல், எளியவர்களுக்குத் தானம் ஆகிய மூன்றையும் அவன் ஒன்றாகவே வைத்தான். தானம் மட்டும் என்றால் கொடுக்கிறவன் உயரத்தில் நிற்பான். விருந்து மட்டும் என்றால் எளியவன் வாசலில் நிற்பான். வரும் விருந்தில் 'கமாயான்' முறையில் பரிமாறப் போகிறார்கள். 'கமாய்' என்றால் கை. நீண்ட மேசை முழுவதும் வாழையிலையை விரித்து, நடுவே சோற்றைக் குவித்து, மீனும் இறைச்சியும் காயும் பரப்பி, எல்லாரும் இருபுறமும் நின்று கையால் உண்பார்கள். அங்கே தனித் தட்டு கிடையாது; போதகருக்கும் கிடையாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். என்மேல் வருத்தம் கொள்ளாதீர்கள். அந்த விருந்துக்கு வர முடியாதவர்கள் பலர் உண்டு என்று பிலிப்பைன்ஸ் சபையின் போதகர் என்னிடம் சொன்னார். வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலருக்கு வாரத்தில் ஒரு நாள் கூட விடுப்பு இல்லை. அவர்களுடைய நாட்டின் விடுதலை நாளில் அவர்கள் யாரோ ஒருவருடைய அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். நம் சபையிலும் சில வீடுகளில் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டவராயினும் சரி, உங்களையே கேட்டுப் பாருங்கள். அவளுக்கு ஓய்வு நாள் உண்டா? மாதச் சம்பளம் மாதத்திலேயே கைக்கு வருகிறதா? அவளுடைய பாஸ்போர்ட் யாருடைய அலமாரியில் இருக்கிறது? பண்டிகையில் மகிழ வேண்டியவர்களின் பட்டியலை உபாகமம் 16 தரும்போது, குமாரன் குமாரத்தியை அடுத்து வேலைக்காரனையும் வேலைக்காரியையும் சொல்லுகிறது. பிறகு பரதேசியையும், திக்கற்ற பிள்ளையையும், விதவையையும் சொல்லுகிறது. நீங்களும் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது. நம் வீட்டில் ஒருத்தியை அடைத்து வைத்துவிட்டு அடுத்த மண்டபத்தில் விடுதலை விருந்து உண்டால், கர்த்தர் அந்த விருந்தை எப்படிப் பார்ப்பார்?

ஆகையால் பிரியமானவர்களே, சீட்டுகள் சபைச் செயலரிடம் இருக்கின்றன. ஒன்று வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள். இரண்டாவதை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுங்கள். அன்று அவருக்கு விடுப்பும் கொடுங்கள், அல்லது கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெண்கள் ஐக்கியத்தார் தேங்காய்ச் சாதம் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாழையிலையில் அதற்கும் இடம் இருக்கும்.

ஜெபம்: அடிமைத்தன வீட்டிலிருந்து ஜனங்களைப் புறப்படப் பண்ணுகிற ஆண்டவரே, எங்கள் பந்திகளில் நாங்கள் மறந்துபோனவர்களை எங்களுக்குக் காட்டியருளும். பட்டினியாக வந்து சிரித்துப் பேசுகிறவரை அறியும் கண்களைத் தாரும். தனித் தட்டின்மேல் ஆசைப்படும் எங்கள் இருதயத்தை மன்னியும். ஊர் திரும்ப வழியற்றிருக்கும் உம்முடைய குமாரத்திகளைச் சமாதானத்தோடு அவர்கள் பிள்ளைகளிடம் கொண்டு சேரும். எல்லா ஜாதிகளிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்து உம்முடைய கல்யாண விருந்தில் உட்காரும் நாள்வரை, எங்களை ஒருவருக்கொருவர் இடம் கொடுக்கிறவர்களாக ஆக்கும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும், எங்கள் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்